யார் யாரைத் தேடுவது?

கணினியின் தேடல் கட்டத்தில் 'முரு' என்று தட்டி, அருகே ஒரு நட்சத்திரக் குறி இட்டால் போதும். முருகன், முருகேசன், முருகம்மாள் என அவ்வெழுத்துகளில் தொடங்கும் அத்தனை பேரும் அவரவர் நோயோடு திரையில் வந்து நிற்பர். 'வைல்டு கார்டு' தேடல் என்பது இதுதான். முழுப்பெயர் தெரிய வேண்டியதில்லை; எவரைத் தேடுகிறோம் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. மக்களின் மருத்துவப் பதிவேட்டில் அந்தக் குறியை இடும் அதிகாரம் யாருக்கு உரியது? இது வெறும் தொழில்நுட்ப வினா என்று ஒதுக்குவோர் கோலார் தங்கவயலின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1930இல் அங்கே வெள்ளை நிர்வாகம் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது, தமிழ் பேசும் தலித் மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட தொழிலாளர் கூட்டம் சுரங்கத்தில் இறங்க மறுத்தது. வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. முறையான தொழிற்சங்கம் அமையாத காலம் அது. ஆனாலும், தம் உடலின் அடையாளம் முதலாளியின் பேரேட்டுக்குள் போனால் அது தமக்கு எதிராகவே புரட்டப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே மக்களின் நுரையீரலில் கல்தூசு படிந்தது. 1940க்கும் 1946க்கும் இடையே பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரில், பத்துக்கு நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் நோய் இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் ஒன்றிய அரசு சுரங்கத்தை மூடிற்று. தூசு மட்டும் நுரையீரலை விட்டு நீங்கவில்லை. காசநோய் என்று தவறாகக் கருதப்படும் இந்நோய்க்கு இழப்பீடு கேட்பவர், சுரங்கத்தில் வேலை செய்ததையும் நோயையும் ஆவணத்தால் மெய்ப்பித்தாக வேண்டும்.

இங்கேதான் முரண் இருக்கிறது. தமிழில் 'முருகேசன்', கன்னடப் படிவத்தில் 'முருகேஷ்' ஆகிறார். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் எழுத்தருக்கு எழுத்தர் மாறுகிறது. பெயருக்கு முன் நிற்கும் தந்தையின் தலைப்பெழுத்து, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்துக்குள் தள்ளப்படுகிறது. ஓரெழுத்து பிசகினாலும் "பதிவு இல்லை" என்கிறது கணினி. நட்சத்திரக் குறி உண்மையிலேயே தேவைப்படுவது கணவனின் பதிவைத் தேடும் கைம்பெண்ணுக்கு. ஆனால் சாளரத்துக்கு வெளியே நிற்கும் அவர் கையில் விசைப்பலகை இல்லை.

உள்ளே இருப்பவருக்கோ தடையில்லாத் தேடல் ஒரு வலை. ஒரே வீச்சில் ஒரு தெருவின் நோய்களையே அள்ளலாம். மாரிக்குப்பத்தில் ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞனின் காசநோய்ப் பதிவு ஒப்பந்தக்காரனுக்குக் கிடைத்தால் என்ன ஆகும்? காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தால்?

வீண் அச்சம் என்பார்கள். 2023 ஜூனில், தொலைபேசி எண்ணைத் தட்டினால் கோவின் தடுப்பூசித் தளத்தில் பதிந்தவரின் பெயரும் அடையாள எண்ணும் டெலிகிராமில் கொட்டின. அடிப்படையற்ற செய்தி என்றது அரசு. பின்னர் கைதும் நடந்தது. 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 14 இலக்க எண்ணால் மருத்துவப் பதிவுகளை இணைத்து வருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவையும் குறுக்கியிருக்கிறது. குடிமகனை அரசு பார்க்கலாம். அரசைக் குடிமகன் பார்க்கலாகாது! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி என்பதும் நினைவிருக்கட்டும்.

கணினியை உடைக்கச் சொல்லவில்லை நாம். நோயாளியின் பதிவுகளில் அரைகுறைப் பெயரால் மொத்தமாகத் துழாவுவது தடுக்கப்பட வேண்டும். தவிர்க்கவியலாத இடத்தில், யார், எப்போது, எதற்காகத் தேடினார் என்பது பதிவாகி, சம்பந்தப்பட்டவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். பெயர்ப் பிசகால் பதிவு கிடைக்காதவருக்கு, அவரையும் சங்கப் பிரதிநிதியையும் உடன் வைத்துக்கொண்டு தேடித் தருவது அலுவலரின் கடமையாக்கப்பட வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் மருத்துவ ஆவணங்கள் எதுவும் அழிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும்.

தோழர்களே! 1930இல் சங்கமில்லாமலே அவர்கள் எழுந்து நின்றார்கள். சங்கமும் கட்சியும் உள்ள நாம் கைகட்டி நிற்கலாமா?