ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, எழுத்து தெரியுதா?

பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் போர்டு வைக்கிறது புரட்சியா, வீண் செலவான்னு ரெண்டு நாளா டைம்லைன்ல சண்டை. நான் வாத்தியார் இல்ல. ஆனா அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்து பார்த்தா இந்த விஷயம் வேற மாதிரி தெரியுது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் ஒரு அம்மா நாலாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. தலைவலி. சாயங்காலம் ஆனா நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறாளாம். அன்னிக்கு ஓபியில நல்ல கூட்டம். காய்ச்சல் இல்ல, சளி இல்ல, பாரசிட்டமால் எழுதி அனுப்பினேன். மூணு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க. மறுபடியும் பாரசிட்டமால். வெட்கத்தோடதான் சொல்றேன்.

மூணாவது தடவை, எழுந்து போகும்போது அந்த அம்மா சொன்னாங்க: "படிப்பும் ஏற மாட்டேங்குது சார். முன்னாடி நல்லாத்தான் படிச்சா. இப்ப பக்கத்துப் புள்ள நோட்டைப் பார்த்துத்தான் எழுதுறாளாம்." அப்பதான் எனக்கு உறைச்சுது. "டீச்சர் போடுற படத்துல என்ன பாப்பா தெரியும்?"னு கேட்டேன். "கலர் தெரியும் சார்."

சுவத்துல இருந்த சார்ட் முன்னாடி நிறுத்தினேன். ரெண்டு கண்ணும் 6/36. அதாவது நல்ல பார்வை உள்ளவங்க 36 மீட்டர் தள்ளி நின்னு படிக்கிற எழுத்தை, இவ 6 மீட்டருக்கு வந்தாத்தான் படிக்க முடியும். கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டர் பவர். வகுப்புல அவளை 'அரும்பு' குழுவுல உட்கார வெச்சிருந்தாங்க. எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை உண்டு. அரும்புன்னா இன்னும் அடிப்படையே வரலைன்னு அர்த்தம். அடிப்படை அவளுக்கு வந்திருந்தது. எழுத்துதான் அவ கண்ணுக்கு வரல.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. 2003ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க. 2007-08ல அது தமிழ்நாடு முழுக்கப் போச்சு. குழந்தைங்க தரையில வட்டமா உட்காருவாங்க, கையில அட்டை இருக்கும், அவங்கவங்க வேகத்துல ஒரு அட்டை முடிச்சு அடுத்த அட்டைக்குப் போகணும். கரும்பலகை கூட குழந்தை உயரத்துக்குக் கீழே இறங்கி வந்துச்சு. அதுல ஆயிரம் குறை சொல்லுவாங்க, ஆசிரியர்களுக்கு அது பெரிய வேலைதான். ஆனா ஒண்ணு கவனிங்க: பாடம் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்குக் கிட்ட இருக்கிறது தெரியும். யாரும் திட்டம் போட்டுச் செய்யல, ஆனா அந்த முறை அவளை மாதிரிப் பிள்ளைங்களைத் தாங்கிப் பிடிச்சுது.

ஸ்மார்ட் போர்டு என்ன பண்ணுதுன்னா, பாடத்தைத் திரும்பத் தூக்கிச் சுவத்துல மாட்டுது. ஜன்னல் வெளிச்சம் வேற திரையில விழுந்து பளபளக்கும். அதுக்காக அது வேண்டாம்னு நான் சொல்லல. இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுதுன்னு நான் பத்தாவதுல கரும்பலகைப் படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணேன். அது அசையறதைப் பார்த்துப் புரிஞ்சது மெடிக்கல் காலேஜ் போன பிறகுதான். ஒரு கிராமத்துப் பிள்ளை அதை எட்டாவதுலயே பார்த்துடுதுன்னா எனக்கு சந்தோஷம்தான்.

நடுவுல 'ப' வடிவ இருக்கை பத்தியும் ஒரு பேச்சு வந்துச்சு, ஞாபகம் இருக்கும். ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்னு 2024ல வந்த மலையாளப் படத்தைப் பார்த்துட்டு கேரளாவுல சில பள்ளிகள் கடைசி பெஞ்சையே ஒழிச்சாங்க. கூடிப் பேசுறதுக்கு அருமையான அமைப்பு. ஆனா அதே வகுப்புல முன் சுவத்துல திரையைப் போட்டு 40 நிமிஷம் ஓடவிட்டா, பக்கவாட்டுல இருக்கிற பிள்ளைங்க கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். திரை ஓடுறப்ப பெஞ்சைத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது.

அரசுத் திட்டம் இல்லையான்னா, இருக்கு. நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருது. கண்ணாடி இலவசமாவே கிடைக்குது. ஆனா அன்னிக்கு லீவு போட்ட பிள்ளை? ஜூலையில பார்த்து ஜனவரிக்குள்ள பவர் ஏறின பிள்ளை? எட்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசுக்குள்ள கிட்டப்பார்வை வேகமா ஏறும். அதனால என் கோரிக்கை இதுதான்: திரை மாட்டுற பள்ளியில ஒரு 'ஈ' சார்ட்டும் மாட்டுங்க. 6 மீட்டர் அளந்து தரையில ஒரு கோடு போடுங்க. ஜூன்ல ஒரு தடவை, பொங்கல் லீவு முடிஞ்சு ஒரு தடவை வகுப்பாசிரியரே பார்த்துடலாம். மருத்துவப் படிப்பெல்லாம் தேவையில்ல, ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

இன்னொண்ணு, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குறது. தைவான்ல 2010ல இருந்து பிள்ளைங்க தினமும் 120 நிமிஷம் வெளி வெளிச்சத்துல இருக்கணும்னு பள்ளிகள் மூலமா ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. வருஷா வருஷம் ஏறிட்டு இருந்த கிட்டப்பார்வை விகிதம் அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

அந்தப் பொண்ணுக்குக் கண்ணாடி வந்துச்சு. முதல் வாரம் போடவே இல்லையாம், "நாலு கண்ணு"ன்னு பசங்க கிண்டல். அவங்க டீச்சர் ஒரு காரியம் பண்ணாங்க. தன்னோட கண்ணாடியைக் கழட்டிட்டு, போர்டுல இருக்கிறதைத் தப்புத் தப்பா படிச்சுக் காட்டிட்டு, மறுபடி மாட்டிக்கிட்டுச் சரியா படிச்சாங்களாம். வகுப்பே சிரிச்சுதாம். அப்புறம் இவ கழட்டவே இல்ல. எனக்குத் தெரிஞ்ச சிறந்த கற்பித்தல் முறைகள்ல இதையும் சேர்த்துக்குவேன்.

உங்க வீட்டுல பிள்ளைங்க இருந்தா, டிவி கிட்டப் போய் உட்காருதா, கண்ணை இடுக்கிப் பார்க்குதா, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுதான்னு கவனிங்க. ஒரு கண்ணை உள்ளங்கையால மூடிக்கிட்டு, எதிர்ச் சுவத்துக் காலண்டர்ல நீங்க படிக்கிறதை அதே இடத்துல நின்னு படிக்கச் சொல்லுங்க. அப்புறம் இன்னொரு கண்ணு. தடுமாறினா, கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை வர்றார்னு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க.