500 சதுர மீட்டருக்குக் கீழே

பசுமைக் கட்டடம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது: ‘சிறிய வீடுகளுக்கு இது கட்டுப்படியாகாது.’ காட்கோபர் கிழக்கின் காமராஜ் நகர் போன்றதொரு குடியிருப்பில், மே மாத நண்பகலில் தகரக் கூரையின்கீழ் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தவர் இதைச் சொல்லத் துணியமாட்டார்.

ஒட்டி ஒட்டி நிற்கும் அவ்வீடுகளின் சுவர்களில் வெயில் அதிகம் படுவதில்லை; கூரையே முழு வெயிலையும் வாங்குகிறது. ஆகவே தீர்வும் கூரையில்தான் இருக்கிறது. மேலே வெண்பூச்சு; தகரத்துக்கு அடியில் ஒரு சாண் விட்டு மூங்கில் தட்டி; அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் சூடான காற்று வெளியேறத் திறப்பு. இவற்றில் எது கட்டுப்படியாகாதது? (லாரி பேக்கரை அப்படியே இங்கு இறக்குமதி செய்வோரும் சற்று யோசிக்கவேண்டும். அவருடைய எலிப்பொறிக் கட்டு செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கை மிச்சப்படுத்தும்; ஆனால் அந்த ஒன்பது அங்குலச் சுவர் பத்தடி அறையைத் தின்றுவிடும்.)

தடை பணம் அன்று, விதி. 2018-இல் வெளிவந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு ஆற்றல் விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கென வகுக்கப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு அதன் கண்ணுக்கே தெரியாது. மாநகராட்சிக்கோ அவ்வீடு தெரியும். 14 அடி உயரத்தைத் தாண்டினால் இடிக்க வரும். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என ஆளுக்கு ஏழடி பிரித்துக்கொண்ட இடத்தில் காற்றுக்கு ஒரு சாண் எங்கிருந்து ஒதுக்குவது?

‘எப்படியும் அடுக்குமாடி வரப்போகிறதே’ என்பார்கள். காமராஜ் நகரும் ரமாபாய் நகரும் மறுகட்டுமானத் திட்டத்துக்குள் வந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளின் மறுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்து ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நெருக்கமாக எழுப்பிய கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் குன்றியதைக் காசநோயோடு தொடர்புபடுத்தியது. அவையும் ‘நல்ல வீடு’ என்று சொல்லித்தான் கொடுக்கப்பட்டன.

எனவே பசுமைப் புள்ளி வழங்கும் நிபுணர்கள் மொட்டைமாடியில் சூரியத் தகடுகளை எண்ணுவதற்கு முன், இரு கோபுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை நாடா பிடித்து அளக்கட்டும். பிறகு இரண்டாம் மாடிச் சமையலறைக்குப் போய், பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.