‘பிழை இல்லை’ என்னும் தீர்ப்பு

கணினி நிரல் ஒன்று மற்றொரு நிரலோடு பேசவேண்டுமாயின், எவ்வினாவை எவ்வாறு கேட்கலாம், அதற்கு எவ்விடை கிடைக்கும் என்பனவற்றை முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படுவதே இடைமுக வரையறைக் கோப்பு. 2011இல் சுவாகர் என்னும் பெயரில் தோன்றி, 2016இல் ஓப்பன் ஏபிஐ எனப் பெயர் மாறிய முறை இன்று இதற்குப் பெருவழக்காயுள்ளது. கோப்பு முறைப்படி அமைந்துள்ளதா எனப் பார்ப்பதற்குக் கருவிகளும் உள. கட்டளை வரியில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினால் போதும். ஓரிரு விநாடியில் தீர்ப்புக் கிடைத்துவிடும். அத்தீர்ப்புக்கு இன்று அளிக்கப்படும் மதிப்பையே யான் மறுக்கின்றேன்.

கருவி பயனற்றது என்று கூற வரவில்லை. இரு செயல்களுக்கு ஒரே அடையாளப் பெயரைச் சூட்டினாலும், கோப்பில் இல்லாத ஒரு பகுதியைச் சுட்டினாலும் அது பிடித்துவிடும். மனிதக் கண் தவறவிடும் பிழைகள் இவை. ஆயின், நடந்ததைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர், சங்கமொன்றின் உறுப்பினர் பதிவுக்கென எழுதிய கோப்பைக் காட்டினார். முதற்பெயர் கட்டாயம், குடும்பப் பெயரும் கட்டாயம், இரண்டிலும் ஆங்கில எழுத்துகளே வரலாம், அவையும் 15க்கு மேற்படலாகாது. கருவி ‘பிழை இல்லை’ என்றது. எம்முட் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரை அவ்விடத்தில் இட்டால், எனக்கு வரவேண்டிய கடிதம் தந்தையை விளித்தன்றோ வரும்? இதனைக் கேட்டபோது, ‘கருவியே ஏற்றுக்கொண்டுவிட்டதே’ என்றார் நண்பர். என் சினத்துக்குக் காரணம் கோப்பன்று, இந்த விடையே.

ஆங்கில எழுத்துத் தடையை நீக்கினாலும் தொல்லை தீராது. நீளத்தை அளக்கும் விதி நாம் எழுத்தென்று கொள்வதை எண்ணுவதில்லை. யுனிகோட் குறிகளையே எண்ணுகின்றது. பாலசுப்பிரமணியம் என்னும் பெயர் நமக்கு 10 எழுத்து, அவ்விதிக்கு 16. உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். எல்லை 15 என்று வரையறுத்த கோப்பின்படி பாலசுப்பிரமணியம் உறுப்பினராதல் இயலாது. அக்கோப்பும் கருவிக்குக் குற்றமற்றதே.

நன்னூலார் வழுவை ஏழாக வகுத்தபோது, திணை, பால், இடம், காலம் என்பவற்றோடு நில்லாது வினா, விடை, மரபு ஆகியவற்றையும் சேர்த்தார். கண்டிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குத் தேங்காய் விலையைச் சொல்லுவது, சொல்லமைதி செவ்விதாயினும் வழுவே. இக்கருவியோ கோப்பை மட்டும் படிக்கின்றது; நிரல் உண்மையில் என்ன விடை தருகின்றதென்று போய்ப் பார்ப்பதில்லை. அதற்கு வேறு கருவிகள் உண்டு. ஆயினும் முதற் கருவியின் ‘பிழை இல்லை’ கிடைத்தவுடன் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவோரே பலர்.

விளக்கம் எழுதாத செயலைக் கண்டால் சில கருவிகள் எச்சரிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘பயனரைப் பெறுதல்’ என்னும் செயலுக்குப் ‘பயனரைப் பெறும்’ என்று எழுதி அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். பரீட்சையில் யாம் இவ்வாறு விளக்கம் எழுதினால் எம் விரிவுரையாளர்கள் புள்ளி வழங்குவரா?

‘இது பொறியியற் பீடத்தார் காரியம்’ என ஒதுங்கும் எம் கலைப்பீடத்தாரையும் விட்டுவைத்தற்கில்லை. ஒருவரின் பெயரை எப்படிப் பிரிப்பது, எழுத்தென்பது யாது, விளக்கம் என்பது யாது என்பன எம் பாடத்துக்குப் புறம்பானவையா? ஸ்பெக்ட்ரல் போன்ற கருவியில் நமக்கு வேண்டிய விதியை நாமே எழுதிச் சேர்க்கலாம். சில வரிகளில் முடியும் வேலை அது.

நண்பரோடு பலநாள் வாதிட்டதன் பயனாக, குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் கோப்பைத் தடுத்து நிறுத்தும் விதியொன்றை இருவரும் எழுதினோம். தடுக்கும்போது கருவி காட்டவேண்டிய செய்தியை ‘செல்லாத புலம்’ என்று அவர் எழுதியிருந்தார். யான் அதனை அடித்துவிட்டு, ‘குடும்பப் பெயர் இல்லாதோரும் பதிவு செய்வர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.