சிறைக் கணக்கைப் பேரவை கேட்கட்டும்

பொன்னமராவதி அடங்கிய திருமயம் தொகுதியின் எஸ்.ரகுபதி 2021 முதல் 2025 வரை சிறைத்துறையையும் கவனித்த அமைச்சராக இருந்தார். சிறை மாநிலப் பட்டியலில் உள்ளது. அதன் செலவுக்குச் சட்டப்பேரவையின் ஒப்புதல் வேண்டும்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்! அப்படி உள்ளே இருக்கும் மகனை மனு போட்டுப் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து திருச்சி மத்திய சிறைக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு வேறு.

மானியக் கோரிக்கை விவாதத்தில் புதுக் கட்டடத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. தண்டனை பெறாமலே எத்தனை பேர், எத்தனை மாதமாக உள்ளே இருக்கிறார்கள், ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாதவர்கள் எத்தனை பேர் என்று கிளைச்சிறை வாரியாக உறுப்பினர்கள் கணக்குக் கேட்க வேண்டும்.