மதுக்கடை வாசலில் கூடும் நடைக் கூட்டம்!

இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, மதுக்கடை வாசலில் ஆணும் பெண்ணும் கூடுவார்கள். குடிக்கவா? நடக்க! புல்வெளி, மேடு, ஓடை என்று ஏழெட்டு மைல் சுற்றிவிட்டு, அதே கடைக்கு வந்து சாப்பிடுவார்கள். (அங்கே 'பப்' என்பது ஊர்ச் சாவடி மாதிரி. தேநீரும் கிடைக்கும்.)

வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சிரிப்பது தவறு. இதற்காகச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள்!

டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேடு. பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிறு. ஹேபீல்டு கிராமத்திலிருந்து சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். பலர் மான்செஸ்டர் தொழிலாளர்கள். காவலாட்கள் தடியோடு மறித்தார்கள். கைகலப்பு! 5 வாலிபர்களுக்குச் சிறை.

1949-ல் சட்டம் வந்தது. பொதுப் பாதைகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அப்படிக் குறித்த பாதை பிரபுவின் நிலத்தில் போனாலும், அவர் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது.

ஆனால் சட்டம் முள்ளை வெட்டாது. கால் படாத பாதையைப் புதர் மூடிவிடும். அதனால்தான் கூட்டமாக, வாரந்தோறும் நடப்பது நல்லது. ஊர்க் கடைக்கும் நாலு காசு வியாபாரம்.

சேற்றுப் பூட்சை மட்டும் வாசலிலேயே கழற்ற வேண்டும். கடைக்காரி விடமாட்டாள்!