மலை அணிலின் கணக்கு

'காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்' என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதை மாற்றிக்கொள்வது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் போனால், அந்தக் கணக்கை ஒரு அணிலிடம் படிக்கலாம்.

சாம்பல் நிற மலை அணில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்காகவே 1988இல் இங்கே சரணாலயம் வந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆனால் வனத்துறை நட்ட எல்லைக்கல் அணிலுக்குத் தெரியுமா? ஓடைக்கரைக் காட்டில் வாழ்ந்த இனம், அடிவாரத்தில் மனிதர்கள் போட்ட மாந்தோப்பையும் தென்னையையும் புளியமரத்தையும் தனதாக்கிக்கொண்டது. ராஜபாளையம் சப்பட்டை மாங்காய் முற்றும்போது, குத்தகைக்காரருக்கு முன்பே அது ருசி பார்த்துவிடும். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, முன்னங்கால்களில் காயை ஏந்தி உருட்டி உருட்டிக் கொறிக்கிற அழகே தனி. ஒரே கூட்டை நம்பியும் அது இருப்பதில்லை. ஒன்றுக்கு இரண்டு மூன்றாகக் கட்டி வைத்துக்கொள்ளும்.

சாப்பாடு மாறியது, இருப்பிடம் மாறியது. நடை மட்டும் மாறவில்லை. தரையில் இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் கிளை வழியேதான் போக்குவரத்து. பக்கத்து மரங்களோடு கிளை கோத்து நிற்கிற மரமாகப் பார்த்துத்தான் கூடே கட்டும். கழுகு வட்டமிட்டால் ஓட வழி வேண்டுமே! நடுவில் நாலு மரம் போனால், இரை இருந்தும் அதற்குப் பாதை இல்லை.

மலைக்கோயில் குரங்கும் மாறிக்கொண்ட பிராணிதான். பையைப் பிடுங்கி சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் கூட்டம் வராத நாளில் அதன் பாடு திண்டாட்டம். அடுத்தவர் கையை எதிர்பார்க்க வைக்கிற மாற்றம் அது.

பிழைப்புக்காக ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், சாப்பாட்டையும் மாற்றுங்கள், தப்பில்லை. இடறினால் தாங்குகிற நாலு உறவையும், கைவசம் உள்ள ஒரு வித்தையையும் மட்டும் அறுத்துவிட்டுப் போகாதீர்கள்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அணில் தன்னால் முடிந்தமட்டும் மாறிவிட்டது. மிச்சம் உங்கள் கையில். அடுத்த முறை மரம் கழிக்கும்போது, மரத்துக்கு மரம் தொடுகிற கிளைகளில் சிலவற்றையாவது விட்டுவையுங்கள்.