பூட்டனாரைத் தேடி

பாட்டனாரின் பெயரை எல்லோரும் அறிவோம். பூட்டனாரின் பெயரைச் சிலரே அறிவர். அவர்க்கும் முந்தியவர் யாவர் என வினவினால் நம்முட் பெரும்பாலோர் விடை கூற இயலாது நிற்போம்.

அண்மையில் எம்மிடம் கற்கும் மாணவர் ஒருவர் பழுப்பேறிய காணி உறுதி ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில் அவருடைய பாட்டியார் சேலை மடிப்பினுள் வைத்துக் காத்தது அது. வீட்டிலிருந்த ஏனைய கடதாசிகள் யாவும் அழிந்துபோயின. "ஐயா, இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எங்கள் முன்னோரை அறிய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றோம். எங்ஙனம் என்பதை நேயர்களுக்கும் கூறுதல் நலமெனத் தோன்றுகிறது.

பழைய உறுதியை விலைக்காகவும் எல்லைக்காகவுமே நாம் வாசிக்கிறோம். அதனுள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது. நாலெல்லையிலும் உள்ள காணிக்காரர் பெயர்களைப் பாருங்கள். அவர்களுட் சிலர் உடன்பிறந்தாராயிருத்தல் கூடும். காணி எவ்வழி வந்தது என்பதையும் பாருங்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன தேசவழமைச் சொற்கள். முதுசமெனின் முன்னோர் தந்தது. சீதனமெனின் அங்கே ஒரு பெண்ணின் பெயரும் அவளைப் பெற்றோரின் பெயரும் வெளிப்படும். வேறெங்கும் எழுதப்படாத பெண்களின் பெயர்கள் சீதன உறுதிகளிலேதான் உயிர்வாழ்கின்றன.

உறுதிக்கு அடுத்தபடி பிறப்பு, இறப்புப் பதிவுகள். இலங்கையில் இப்பதிவு 1867ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒழுங்குபெற்றது. அதற்கு முன் பிறந்தோரைத் தேடுவோர் ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் வரை செல்லுதல் வேண்டும்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கணக்கில் வல்லவர். தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலே தோம்பு எனப்படும் இடாப்புகளை எழுதுவித்தனர். தலைத் தோம்பிலே குடும்பத்தினரும் அவர்கள் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியமும், காணித் தோம்பிலே நிலமும் மரங்களும் இறையும் குறிக்கப்பட்டன. பள்ளித் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அதனை எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர். எல்லா ஊர்த் தோம்புகளும் எஞ்சவில்லை. எஞ்சியவற்றுட் பல கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திற் காக்கப்படுகின்றன. ஒல்லாந்தக் கம்பனியின் சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இவ்வேடுகளைத் திறப்போர் இரண்டு அதிர்ச்சிகளுக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முதலாவது, பெயர். பட்டை பட்டையாய்த் திருநீறு பூசிய குடும்பத்தவரின் பூட்டனார்க்குப் பூட்டனார் அங்கே கிறித்தவப் பெயரோடு நிற்பார். 1707ஆம் ஆண்டில் தேசவழமைத் தொகுப்பைப் பார்த்து ஒப்புதல் அளித்த பன்னிரு முதலிமாருட் பலரின் பெயர்கள் 'தொன்' என்றே தொடங்குகின்றன. ஞானஸ்நானம் பெறாதார்க்கு உத்தியோகம் இல்லை. தேவாலயத்தில் மணம் பதியாதார் பிள்ளைகளின் உரிமைக்கு உறுதியில்லை என்றிருந்த காலம் அது. நம்பிப் பெற்றாரோ, பிழைக்கப் பெற்றாரோ, அவரவர் நெஞ்சே அறியும். நாம் நாணவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா. இன்னொன்று: ஒல்லாந்தர் யகரத்துக்கு இடும் எழுத்தை ஆங்கிலம் கற்ற நாம் ஜகரமாக வாசித்துவிடுவோம். ஆதலின் பெயரைக் கண்ணாற் பார்த்தல் மட்டும் போதாது. வாயாற் சொல்லியும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது அதிர்ச்சி கடுமையானது. தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. ஆங்கிலேயர் ஆட்சியிலே அடிமைகளின் பெயர்கள் அவரை உடையார் பெயர்களோடு பதியப்பட்டன. இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். நம் பூட்டனார் ஒரு முதலியார் என்று கண்டு மகிழ்கிறோம். அப்பக்கத்தைப் புரட்டினால் அவர் வீட்டிலே விலைப்பொருளாய் எண்ணப்பட்ட மனிதரின் பெயர்களும் வரக்கூடும். முதலியாரின் வழியினர்க்கு வேறு சான்றுகள் பலவிருக்கும். அம்மனிதரின் வழியினர்க்கோ அந்த ஒற்றை வரியே முன்னோரின் முழு வரலாறாகவும் அமையலாம். ஆதலால் பெருமை தரும் வரியைப் படியெடுத்து மற்றை வரியை விட்டுவிடுவது வரலாறு ஆகாது. அது வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

இவ்வேடுகள் நம் முன்னோரைப் போற்றுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. இறை வாங்கவும் வேலை வாங்கவும் எழுதப்பட்டவை. போற்றும் நோக்கம் இல்லாமையாலேயே அவற்றை ஓரளவு நம்பலாம். குடும்பக் கதைகளிலே பூட்டன்மார் எல்லோரும் பெரியவர்கள். தோம்பிலே அவர்கள் மனிதர்கள்.

மாணவரின் உறுதிக்கு வருவோம். காணி சீதனமாக வந்ததென அதிற் கண்டிருந்தது. சீதனம் பெற்ற பெண்ணின் பெயரை வீட்டிலே எவரும் கேட்டறியார். மாணவர் அதனைப் பாட்டியார்க்கு உரக்க வாசித்துக் காட்டினாராம். சிறிது நேரம் மௌனமாயிருந்த பாட்டியார், "அம்மா என்ரை தமக்கைக்கு வைச்ச பேர் அதுதான். ஏன் வைச்சவ எண்டு இண்டைக்குத்தான் விளங்குது" என்றாராம்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. பின்வந்த போரிலே வீட்டுப் பெட்டகங்களும் போயின. ஆயினும் பெரிய ஏடுகள் இன்னும் சில காலம் காத்திருக்கும். பாட்டிமார் காத்திரார். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே அமருங்கள்.